துறைமுக மாளிகைகள் – 6: பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் ஒரு புலி

சென்ற வாரம் ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்களைப் பினாங்கில் விட்டு வந்தோம். 1884-ல் ஈஸ்டர்ன், மறு வருடம் ஓரியன்டல் என்று இரண்டு ஹோட்டல்களைத் திறந்து அந்தத் தீவில் காலூன்றிவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய கண் தெற்கே இருந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததிலிருந்து ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றவும் சரக்கு மாற்றவும் சிங்கப்பூரில் வந்து குவிந்தன. கப்பலில் கரி ஏற்றும்போது எழும்பும் தூசியில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பயணிகள் கரையிறங்கித்தான் ஆகவேண்டும். சுத்தமான படுக்கையும் நல்ல சாப்பாடும் கிடைத்தால் விலை கேட்காமல் பணத்தை எடுத்து வைக்கிற கூட்டம் அது.

இந்த மாதிரி இடத்தை மோப்பம் பிடிப்பதில் ஆர்மீனியர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. சார்க்கீஸ் குடும்பத்தின் பூர்வீகம் ஈரானின் இஸ்ஃபஹான் நகரை ஒட்டிய புதிய ஜுல்ஃபா. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்மீனிய வணிகர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர் அது. அங்கிருந்து கிளம்பியவர்கள் சூரத், சென்னை, கல்கத்தா, ரங்கூன் என்று துறைமுகம் துறைமுகமாகப் பரவினார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் மர்மலாங் பாலத்தைக் கட்டிக் கொடுத்ததும், பரங்கிமலைக்குப் படி அமைத்ததும் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர்தான். சென்னை அரண்மனைக்காரன் தெருவில் 1772-ல் எழும்பிய அவர்களுடைய மாதா கோயில் இன்றும் நிற்கிறது. சிங்கப்பூரிலும் அவர்கள் முந்திக்கொண்டவர்கள். தீவின் மிகப் பழைய தேவாலயம் 1835-ல் ஆர்மீனியர்கள் கட்டியது.

சகோதரர்களில் சிங்கப்பூருக்குக் கிளம்பியவர் டிக்ரான். அவர் கண்ணில் பட்டது பீச் ரோடும் பிராஸ் பாசா சாலையும் சேர்கிற முனையில் இருந்த ஒரு பழைய பங்களா. சாலையின் பெயருக்கேற்ப வாசலுக்கு எதிரே கடல். சையது முகமது அல்சகோஃப் என்ற அரபு வணிகருடைய சொத்து. டாக்டர் சார்லஸ் எமர்சன் என்பவர் 1878 முதல் அதில் ஒரு ஹோட்டல் நடத்திவந்தார். 1883-ல் அவர் இறந்துபோக, சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த ராஃபிள்ஸ் கல்விக்கூடம் அந்த இடத்தை எடுத்து மாணவர் விடுதியாக்கியது. 1887 செப்டம்பரில் அந்தக் குத்தகை முடிந்ததும் டிக்ரான் உள்ளே நுழைந்தார். டிசம்பர் 1-ம் தேதி பத்தே அறைகளோடு ஹோட்டல் திறந்தது.

என்ன பெயர் வைப்பது என்று அவர் அதிகம் யோசித்திருக்க மாட்டார். அந்த வருடம் ஜூன் 27-ம் தேதிதான், விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி, சிங்கப்பூரை நிறுவிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸின் வெண்கலச் சிலையைப் படாங் மைதானத்தில் திறந்திருந்தார்கள். ஊரெல்லாம் ராஃபிள்ஸ் பேச்சு. செத்து 61 வருடமான மனிதரின் பெயரைக் காசு செலவில்லாமல் எடுத்து வாசலில் மாட்டிக்கொண்டார் ஆர்மீனியர்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. இந்த ஹோட்டலை நடத்திய கம்பெனியின் பதிவுப் பெயரில் அடைப்புக்குறிக்குள் ஒரு வருடம் வரும்: 1886. திறந்தது 1887 டிசம்பரில் என்பதற்குப் பத்திரிகை விளம்பரமே சாட்சி. ஒரு வயது கூட்டிச் சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லைதான். ஆனால் ராஃபிள்ஸின் கதை நெடுகிலும் இந்த மாதிரிக் கைவேலை தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வரலாற்றில் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் கத்தரித்துவிடுவதில் இந்த ஹோட்டலுக்கு நிகர் இன்னொன்று இல்லை.

முதல் கத்தரிப்பு மிகச் சுவையானது. 1889-ல் 23 வயது ரட்யார்ட் கிப்ளிங் அலகாபாத் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுதிக்கொண்டே சிங்கப்பூரில் இறங்கினார். ராஃபிள்ஸில் சாப்பிட்டார். சாப்பாடு பிரமாதம், அறைகளோ படுமோசம் என்று எழுதினார். பயணிகளுக்கு அவர் சொன்ன யோசனை: சாப்பிடுவதை ராஃபிள்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், தூங்குவதற்கு ஹோட்டல் டி லூரோப்புக்குப் போய்விடுங்கள். வேறு முதலாளியாக இருந்தால் வாசகர் கடிதம் எழுதிச் சண்டை போட்டிருப்பார். சார்க்கீஸ் சகோதரர்கள் அந்த வாக்கியத்தின் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்து விளம்பரத்தில் போட்டார்கள். பின்பாதி காணாமல் போனது. கிப்ளிங் பிற்பாடு உலகப் புகழ் பெற, அந்த அரை வாக்கியத்தின் மதிப்பும் ஏறிக்கொண்டே போனது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் அறைகளை மறைத்தவர்கள் நிஜத்தில் அவற்றைச் சும்மா விடவில்லை. 1890-ல் பங்களாவின் இரு பக்கமும் இரண்டடுக்குக் கட்டடங்கள் எழுந்தன. 1894-ல் பாம் கோர்ட் பகுதி வந்தது. பிறகு பழைய பங்களாவையே இடித்துவிட்டு, 1899-ல் இன்று நாம் படங்களில் பார்க்கிற மூன்றடுக்கு முதன்மைக் கட்டடத்தை எழுப்பினார்கள். வரைந்தவர் ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் ஆர்.ஏ.ஜே. பிட்வெல். கோலாலம்பூரில் சுல்தான் அப்துல் சமது கட்டடத்தில் பங்கு உள்ளவர், பின்னாளில் சிங்கப்பூரின் விக்டோரியா நினைவு மண்டபத்தையும் வரைந்தவர்.

பிட்வெல் வெயிலையும் மழையையும் தெரிந்து வரைந்திருக்கிறார். உயரமான கூரை, அறைகளுக்கு வெளியே ஓடும் அகன்ற தாழ்வாரம், நடுவில் மூன்று மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கும் கூடம். சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும். கீழே பளிங்குத் தரையில் சாப்பாட்டு மேஜைகள். இவற்றோடு, சொந்த எந்திரம் வைத்து மின்சாரம் தயாரித்து விளக்கும் விசிறியும் போட்டார்கள். சிங்கப்பூர் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1906-ல். அதற்கு ஏழு வருடம் முன்பே, வெளியே தெருவில் எரிவாயு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்க, இந்த ஒரு கட்டடம் மட்டும் கடலில் வருகிற கப்பலுக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கும். பங்கா இழுக்கிற ஆளின் கை ஓய்ந்தால் விருந்தாளி வியர்வையில் விழித்துக்கொள்கிற காலத்தில், தானாகச் சுற்றுகிற விசிறி எவ்வளவு பெரிய சொகுசு என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அந்தப் புலி.

சிங்கப்பூரில் சுட்டுக் கொல்லப்பட்ட கடைசிப் புலி ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அடியில் பதுங்கியிருந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். நடந்தது 1902 ஆகஸ்டில். பீச் ரோடு பக்கம் விலங்குக் காட்சி போட்டிருந்த கூட்டத்திடமிருந்து ஒரு புலி தப்பியது. ஹோட்டலின் மதுக்கூடமும் பில்லியர்ட்ஸ் அறையும் இருந்த கட்டடம் அப்போது செங்கல் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. தரைக்கும் பலகைத் தளத்துக்கும் நடுவே ஆள் குனிந்து போகிற அளவு இருட்டு. வெளிச்சத்துக்கும் கூச்சலுக்கும் மிரண்ட மிருகம் அங்கேபோய்ப் புகுந்துகொண்டது. எதிரே ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் சி.எம். பிலிப்ஸ் என்று ஒரு ஆசிரியர், பின்னாளில் அதன் தலைமையாசிரியரானவர். துப்பாக்கி சுடத் தெரிந்தவர் என்று அவரைக் கூப்பிட்டார்கள். பின்னிரவு விருந்து முடித்து வந்த மனிதர். முதலில் சுட்டது குறி தவறி, பிறகு ஒரு வழியாகப் புலி விழுந்தது.

ஆக, அது காட்டுப்புலி இல்லை. மேஜைக்கு அடியில் இல்லை. கடைசிப் புலியும் இல்லை. அதன் பிறகும் தீவின் உட்பகுதிகளில் காட்டுப்புலிகள் சுடப்பட்டிருக்கின்றன. ஆனால் ‘தளத்துக்கு அடியில்’ என்பது ‘மேஜைக்கு அடியில்’ என்று ஆனவுடன் கதைக்கு என்ன ஒரு களை வந்துவிடுகிறது பாருங்கள்! கூண்டிலிருந்து தப்பி, பயந்துபோய், இருட்டில் ஒடுங்கிய ஒரு சர்க்கஸ் பிராணிக்காக இரக்கப்பட யாருக்கும் நேரமில்லை.

சிங்கப்பூர் ஸ்லிங் என்ற பானத்தின் கதையும் இப்படித்தான். நியாம் டோங் பூன் என்ற ஹைனான் தீவுக்காரர் ஹோட்டலின் மதுக்கூடத்தில் 1915-ல் அதைக் கலந்து கொடுத்தார் என்பது வழக்கு. பொது இடத்தில் பெண்கள் மது அருந்தக்கூடாது என்றிருந்த காலம், பார்ப்பதற்குப் பழரசம் போல இருக்கட்டும் என்று இளஞ்சிவப்பு நிறம் சேர்த்தார் என்று ஹோட்டல் சொல்கிறது. ஸ்லிங் வகைப் பானங்கள் அதற்கு முன்பே சிங்கப்பூர் மன்றங்களில் ஓடிக்கொண்டிருந்தவை. செய்முறையும் இடையில் தொலைந்துபோய், நினைவிலிருந்து மீட்டதாகச் சொல்வார்கள். இருக்கட்டும். வெள்ளைக்காரர் கதையாகவே எழுதப்பட்ட ஒரு ஹோட்டலில், சமையற்கட்டையும் மதுக்கூடத்தையும் தாங்கிப் பிடித்த ஹைனான்காரர்களில் ஒருவரின் பெயராவது வெளியே தெரிந்ததற்கு அந்தப் பானத்துக்கு நன்றி சொல்லலாம்.

சார்க்கீஸ்களின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிக்ரான் 1912-ல் காலமானார். ரப்பர் விலை ஏறியபோது மலாயாவில் பணம் ஆறாக ஓடியது. ஹோட்டல் நிரம்பி வழிந்தது. 1920-களின் தொடக்கத்தில் பீச் ரோடு முகப்பில் பெரிய நடன மண்டபம் ஒன்றைக் கட்டினார்கள். கடைசித் தம்பி அர்ஷாக் பினாங்கு ஹோட்டலை விரிவாக்கக் கடனை வாங்கிக் குவித்தார். பிறகு உலகப் பொருளாதார மந்தம். ரப்பர் விழுந்தது, தோட்டத் துரைமார் ஊர் திரும்பினார்கள். 1931 ஜனவரியில் அர்ஷாக் இறந்தார். அதே வருடம் நிறுவனம் திவால். 1933-ல் ராஃபிள்ஸை ஒரு புதிய பங்கு நிறுவனம் எடுத்துக்கொண்டது. நாலு சகோதரர்கள் நாற்பத்தைந்து வருடம் கட்டியது, கணக்குப் புத்தகத்தில் வெறும் கடனாக முடிந்தது.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. ஊருக்கே ஷோனான் என்று பெயர் மாறியபோது ஹோட்டல் ஷோனான் ரியோக்கான் ஆனது, ஜப்பானிய அதிகாரிகளின் தங்குமிடம். மாட்டிறைச்சி வறுவலை மேஜை மேஜையாகத் தள்ளிக்கொண்டு போகும் வெள்ளி வண்டி ஒன்றை ஊழியர்கள் பாம் கோர்ட் தோட்டத்தில் புதைத்துவைத்து, போர் முடிந்ததும் தோண்டி எடுத்தார்கள் என்று ஹோட்டல் சொல்கிறது. புலிக் கதைக்குப் பிறகு எதையும் ஒரு சிட்டிகை உப்போடு கேட்கவேண்டியிருக்கிறது. 1945-ல் சிறைமுகாம்களிலிருந்து மெலிந்து வெளியே வந்த கைதிகளைக் கப்பல் ஏற்றும்வரை தங்கவைத்த இடங்களில் ராஃபிள்ஸும் ஒன்று என்பதில் சந்தேகமில்லை. விளம்பரங்களில் அதிகம் வராத, ஆனால் அந்தக் கட்டடம் செய்த ஆக நல்ல வேலை.

சுதந்திர சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஒரு வயதான, சற்றுக் கசங்கிய ஹோட்டல். முன்னால் இருந்த கடல் நிலம் தூர்த்துத் தூர்த்து விலகிப்போய்விட்டது. பீச் ரோட்டில் நின்றால் அலைச் சத்தம் கேட்காது. எதிர்ப்புறம் இருந்த ராஃபிள்ஸ் கல்விக்கூடம் 1972-ல் வேறு இடத்துக்குப் போனது. புலியைச் சுட்ட ஆசிரியர் பாடம் எடுத்த பள்ளி அது. பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளிவிட்டு அந்த மனையில் ராஃபிள்ஸ் சிட்டியை எழுப்பினார்கள். சீன அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஐ.எம்.பே வடிவமைத்த வளாகம். அதில் 1986-ல் திறந்த 73 மாடி ஹோட்டல் அப்போது உலகிலேயே உயரமானது. ஒரே சாலையின் இந்தப் பக்கம் மூன்று மாடி, அந்தப் பக்கம் 73 மாடி. நிலத்துக்குத் தங்கத்தின் விலை இருக்கும் ஊரில் இந்தப் பக்கம் எத்தனை நாள் தாங்கும்?

தாங்கியதற்குக் காரணம் பாசம் என்று சொல்ல ஆசைதான். உண்மையான காரணம் கல்லாப்பெட்டி. சிங்கப்பூர் 1971-லேயே நினைவுச்சின்னப் பாதுகாப்பு வாரியம் அமைத்திருந்தது. 1973-ல் முதல் பட்டியலில் எட்டு இடங்களைக் காத்தது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலும் ஆர்மீனியர் தேவாலயமும் அதில் உண்டு. எட்டில் பெரும்பாலானவை வழிபாட்டிடங்கள். ஒரு ஹோட்டலைக் காப்பது என்ற எண்ணம் அப்போது யாருக்கும் வரவில்லை. 1983-ல் சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கை சரிந்தது. ஏன் என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். 1984-ல் அது சொன்ன பதில்: பழைய கடைவீடுகளையும் தெருக்களையும் இடித்து இடித்து, பயணி பார்க்க வந்த கிழக்கையே இல்லாமல் செய்துவிட்டீர்கள். அதன் பிறகுதான் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் எல்லாம் பாதுகாப்புத் திட்டத்துக்குள் வந்தன. ராஃபிள்ஸ், திறந்து சரியாக நூறாவது ஆண்டான 1987-ல், தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. எனக்கு இதில் குறையேதும் தெரியவில்லை. லாபத்துக்காகக் காத்தாலும் செங்கல் செங்கல்தான்.

குறை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. 1989 மார்ச்சில் ஹோட்டலை மூடினார்கள். இரண்டரை வருடம், 16 கோடி சிங்கப்பூர் டாலர். மறுசீரமைப்பில் ஈடுபட்டவர்கள் முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றது: எந்த ராஃபிள்ஸை மீட்பது? 1887 பங்களா இல்லவே இல்லை. 1899-க்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டும் ஏதோ ஒன்றை ஒட்டவைத்திருந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த வருடம் 1915. முக்கியக் கட்டடங்கள் எல்லாம் எழுந்து, வடிவம் முழுமையான காலம் என்பது காரணம். அதே வருடத்தில்தான் ஸ்லிங் பிறந்ததாகக் கதை என்பது தற்செயலாகவே இருக்கட்டும்.

வருடத்தை முடிவு செய்தவுடன் மற்றதெல்லாம் தானாக நடந்தது. 1915-க்குப் பிறகு வந்தது எதுவோ அது போகவேண்டும். முகப்பில் இருந்த நடன மண்டபம் இடிபட்டது. எழுபது வயதான கட்டடம் அது. ரப்பர் காலத்து ஆட்டமும், குண்டு விழுவதற்கு முந்தைய வாரங்களின் ஆட்டமும், போருக்குப் பிந்தைய சிங்கப்பூரின் ஆட்டமும் நடந்த தளம். அது நின்ற இடத்தில் 1913-ல் இருந்து பின்னர் எடுக்கப்பட்ட வார்ப்பிரும்பு முகமண்டபத்தை, பழைய வரைபடங்களை வைத்துப் புதிதாக வார்த்து நிறுத்தினார்கள். இன்று சீக்கிய வாயிற்காவலர்கள் நிற்க, பயணிகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே, அந்த முகமண்டபம்தான். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையான பழையதை இடித்துவிட்டு, அதைவிடப் பழையதாகத் தோன்றுகிற புதியதைக் கட்டுவதற்குப் பாதுகாப்பு என்ற பெயர் பொருந்துமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கிப்ளிங்கின் வாக்கியத்தை வெட்டிய அதே கத்தரிக்கோல், இந்த முறை சுண்ணாம்பிலும் இரும்பிலும் வேலை செய்திருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். வண்ணப்பூச்சு அடுக்கடுக்காக மூடியிருந்த சுதைவேலைகளைச் சுரண்டி வெளிக்கொண்டு வந்தார்கள். மரப்படிக்கட்டைச் சீர்செய்து மறுபடி நிறுத்தினார்கள். நடுக்கூடம் மீண்டும் மூன்று மாடிக்கும் வானம் பார்த்தது. பழைய உணவுப் பட்டியல், பெட்டியில் ஒட்டும் வில்லை, தபால் அட்டை என்று ஹோட்டலின் சிதறிய தடயங்களைத் தேடிச் சேர்த்து உள்ளேயே ஒரு அருங்காட்சியகம் வைத்தார்கள். வேறு பல நகரங்களில் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் கண்ணாடிக் கோபுரம் எழுப்புகிறார்கள். அந்தக் கொடுமை இங்கே நடக்கவில்லை. தேக்குத் தரையில் நடந்தால் இன்றும் அது தேக்குதான்.

1991 செப்டம்பரில் திறந்தபோது சாதாரண அறைகளே இல்லை, எல்லாம் சூட்கள், நூற்றுக்குக் கொஞ்சம் மேல். வடக்கு பிரிட்ஜ் சாலைப் பக்கம் பழைய பாணியில் புத்தம்புதிய கடைத்தொகுதி. லாங் பார் அங்கே மாடிக்கு இடம்மாறி, மலாயாத் தோட்டத்துரை பங்களா வேஷம் போட்டுக்கொண்டது. அங்கே வேர்க்கடலையை உடைத்துத் தோலைத் தரையில் போடலாம். குப்பை போட்டால் அபராதம் விதிக்கிற ஊரில், கைகூசாமல் குப்பை போடுவதற்காகவே வரிசையில் நிற்கிறார்கள். மூடுவதற்கு முன்பு, ரப்பர் செருப்பும் முதுகுப் பையுமாக வந்தவர்கூட ஒரு மேஜை பிடித்து உட்கார முடிந்த இடம் இது. செப்பனிட்ட பிறகு விலையும் உடைக் கட்டுப்பாடும் அவர்களை வாசலோடு நிறுத்திவிட்டன. சுவரைக் காப்பாற்றியாயிற்று; உள்ளே வந்துபோகிற ஊர் மாறிவிட்டது.

2010-ல் கட்டாரின் அரசு முதலீட்டுக்குக் கைமாறியது. நிர்வாகம் 2016-ல் பிரான்ஸின் அக்கோர் குழுமத்திடம் சேர்ந்தது. ஆர்மீனியர் தொடங்கி, அரபியர் மனையில் எழுந்து, ஆங்கிலேயர் பெயரைத் தாங்கிய ஹோட்டலுக்கு இதெல்லாம் வினோதமில்லை. 2017 டிசம்பரில் மறுபடி மூடி, 2019 ஆகஸ்டில் 115 சூட்களோடு திறந்தார்கள். இந்த முறை வெளித்தோற்றத்தில் கைவைக்காமல் குழாய், மின்கம்பி, குளிர்சாதனம் என்று உள்ளுறுப்புகளில்தான் பெரும்பாலான வேலை. 1989–91 சீரமைப்பில் வார்த்த முகமண்டபமும் இப்போது நினைவுச்சின்னத்தின் அங்கம்தான். இன்னும் ஐம்பது வருடம் போனால் அதுவும் பழையதாகிவிடும்.

சிங்கப்பூர் ஹோட்டலுக்குப் பணம் கொட்டிக் கொட்டி வயது மாறியது. இதே சகோதரர்கள் 1901-ல் ரங்கூன் ஆற்றங்கரையில் திறந்த ஸ்ட்ராண்ட் ஹோட்டலுக்கு நேரெதிரான விதி. அரசாங்கம் எடுத்துக்கொண்டு, சுண்ணாம்புகூடப் பூசாமல் பல வருடம் போட்டுவைத்திருந்தது. அதனாலேயே அங்கே யாரும் எதையும் கத்தரிக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் கதவைத் திறந்து உள்ளே போனவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது அடுத்த வாரம்.